ஆட்டோகேட்டலிசிஸ் – தன்னூக்கல்

ஒரு வேதிவினையில் உருவாகும் பொருளே அந்த வினையை வேகப்படுத்தினால் அது ஆட்டோகேட்டலிசிஸ். பிளஸ் டூ ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலத்தை பெர்மாங்கனேட் கொண்டு டைட்ரேஷன் செய்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். முதல் சில துளிகளின் ஊதா நிறம் மறைய நேரமாகும். அப்புறம் விழும் துளிகள் விழுந்த வேகத்திலேயே நிறமிழக்கும். வினையில் பிறந்த மாங்கனீசு அயனிகளே அந்த வேகத்துக்குக் காரணம்.

சொல்லின் வேர் கிரேக்கம். கட்டவிழ்த்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1835-இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், ஒரு பொருள் வினையை ஊக்குவதற்குக் 'கேட்டலிசிஸ்' என்ற பெயரை எடுத்தார். 'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோ'வை 1890-இல் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதன்முன் சேர்த்தார்.

உயிரின் தோற்றத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சொல் ஏன் வேண்டியிருக்கிறது? உயிர் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. உயிரற்ற வேதியியலில் அதற்கு மிக நெருக்கமான செயல் இதுதான். 1861-இல் ரஷ்ய வேதியியலாளர் பட்லெரோவ் ஃபார்மால்டிஹைடிலிருந்து சர்க்கரைகளை உண்டாக்கிய ஃபார்மோஸ் வினையும் இந்த வகையே. ஆனால் அதை அப்படியே விட்டால் கடைசியில் மிஞ்சுவது தார் போன்ற கலவை.

பல பகுதிகள் ஒன்றோடொன்று வினைபுரியும்போது கூட்டாக என்ன விளைகிறது என்று ஆராய்வது காம்ப்ளெக்சிட்டி சயன்ஸ் எனப்படும் சிக்கலமைப்பு அறிவியல். அது இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. அமெரிக்காவின் சான்டா ஃபே ஆய்வு நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய ஸ்டூவர்ட் காஃப்மன் 1971-இல் முன்வைத்து, 1986-இல் விரித்தெழுதிய கருத்து இது: எந்த மூலக்கூறும் தன்னைத் தானே நகலெடுக்க வேண்டியதில்லை. அ, ஆ-வை உருவாக்க உதவட்டும். ஆ, இ-க்கு உதவட்டும். இ திரும்பி அ-வுக்கு உதவட்டும். தனித்தனியே எதுவும் தன்னைப் பெருக்கவில்லை, ஆனால் கூட்டம் பெருகுகிறது. நீளமான மூலக்கூறுகள் சேரச் சேர, அவற்றை வெட்டவும் ஒட்டவும் உள்ள வழிகள் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைவிட வேகமாகக் கூடும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் இப்படியொரு வலை தானாகவே மூடிக்கொள்ளும், அதாவது ஒவ்வொன்றுக்கும் வேண்டிய உதவி வலைக்குள்ளிருந்தே கிடைக்கும் என்று அவர் வாதிட்டார். தற்செயலாக இணைக்கப்படும் புள்ளிகளில், இணைப்புகளின் எண்ணிக்கை புள்ளிகளின் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டும்போது திடீரென ஒரு பெரிய தொகுப்பு உருவாகும் என்று கணிதவியலாளர்கள் எர்டோஷும் ரெனியும் காட்டிய கணிதமும் இதே போக்கில்தான் செல்கிறது. 2004-இல் ஹோர்டைக், ஸ்டீல் இருவரும் இதற்கு ஒரு கறாரான வரையறை தந்தார்கள்: ஒவ்வொரு வினையையும் தொகுதியிலுள்ள ஏதோ ஒரு பொருள் ஊக்க வேண்டும்; எல்லாப் பொருள்களும் சூழலில் கிடைக்கும் உணவுப் பொருள்களிலிருந்தே கட்டப்பட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கேட்டலிஸ்ட் 'வினைவேக மாற்றி'. பொதுவாக எழுதுகிறவர்கள் 'வினையூக்கி' என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் 'ஊக்கி'. 'தன்வினையூக்கம்' என்று எழுதினால் இலக்கணத்தின் தன்வினை, பிறவினை நினைவுக்கு வந்து, சொல்லைத் தவறான இடத்தில் பிரிக்க வைக்கும். 'தன்னூக்கம்' மனத்தின் ஊக்கமாகிவிடும். செயலைக் குறிக்கும் 'தன்னூக்கல்' இரண்டு குழப்பத்துக்கும் இடம் தராது. என் தேர்வு அதுவே. காஃப்மனின் கூட்டத்தைத் 'தன்னூக்கல் தொகுதி' எனலாம். அதில் வரும் 'தன்' தொகுதியைக் குறிப்பது, உறுப்புகளை அல்ல. இதைத் தவறவிட்டால் கருத்தே கைநழுவும்.

சோதனைக்குழாயிலும் இதற்குச் சான்று உண்டு. 2009-இல் லிங்கனும் ஜாய்ஸும் ஒன்றையொன்று கட்டியெழுப்பும் ஓர் ஆர்.என்.ஏ. நொதி இணையை உருவாக்கினார்கள். ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வுக்கு நெருங்கிய உறவான மூலக்கூறு; நொதி என்பது உயிர்வேதி வினைகளை ஊக்கும் பொருள். 2012-இல் நைல்ஸ் லேமனின் குழு, தன்னை மட்டும் கட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ.க்களைவிட ஒன்றுக்கொன்று உதவும் வலைகள் வேகமாக வளர்வதைக் கண்டது. ஆனால் இவை ஆய்வகத்தில் திட்டமிட்டுச் செய்த, ஏற்கெனவே தேர்ந்த ஆர்.என்.ஏ.க்கள், உயிர் தோன்றியதாகக் கருதப்படும் ஆதிக்குட்டையில் கிடந்த எளிய பொருள்கள் அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு 2010-இல் வந்தது. இத்தகைய தொகுதிகளால் மாற்றங்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்த முடியாது, ஆகவே அவை பரிணமிக்காது என்றனர் வசாஸ், சாத்மாரி, சாண்டோஸ் மூவரும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மூவர், காஃப்மனையும் சேர்த்துக்கொண்டு எழுதிய கட்டுரையில் ஒரு வழி திறந்தது: தொகுதிக்குள் தனித்தனியே நிலைக்கக்கூடிய பல தன்னூக்கல் மையங்கள், அதாவது தம்மைத் தாமே ஊக்கிக்கொள்ளும் சிறு வளையங்கள், இருந்து, அவை சிறு அறைகளில் அடைபட்டுப் பிரிந்தால், இயற்கைத் தேர்வு அங்கே வேலை செய்ய முடியும்.