எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன் எடைமேடைக்குப் போய் வாருங்கள்

வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர்களை நான் முதலில் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எடைமேடைக்கு அனுப்பிவிடுகிறேன். சரக்கு லாரிகளுக்கு நடுவே ஒரு குட்டி மாருதி ஜிம்னி வரிசையில் நிற்பதைப் பார்த்து அங்கிருப்பவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு சீட்டு, பின் சக்கரங்கள் மட்டும் இருக்க ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. எரிபொருள் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். எப்போதும் வண்டியிலேயே கிடக்கும் சாமான்களை இறக்கக் கூடாது. மேடை ஐந்து, பத்து கிலோ முன்பின்னாகத்தான் காட்டும். அது போதும்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு ஜிம்னிதான் காரணம். வேறோர் இடத்தில் இரண்டு அங்குல ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்திருந்தார் அதன் உரிமையாளர். வால்பாறை சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய பிறகு, பின் இருக்கையில் உட்கார மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பவில்லை. நேர்ச்சாலையில் வண்டி இடமும் வலமும் அலைந்தது. அளந்து பார்த்தேன். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பதே சரியான முறை, டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறாது. இரண்டு அங்குலம் என்றால் 50 மில்லிமீட்டர். முன்புறம் 70 மில்லிமீட்டர் ஏறியிருந்தது.

ஸ்பிரிங் போலி என்று அவர் நினைத்தார். ஸ்பிரிங்கில் குறையே இல்லை. முன்னால் எஃகு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சேர்ந்து நூறு கிலோ இருக்கும் வண்டிக்காகச் செய்யப்பட்ட ஸ்பிரிங் அது. அவர் வண்டியில் முன்னால் இருந்ததெல்லாம் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பம்பர். ஒரு மில்லிமீட்டர் அமுங்க மூன்று கிலோ கேட்கும் ஸ்பிரிங்கில், பக்கத்துக்கு ஐம்பது கிலோ வீதம் இல்லாமல் போனால் ஒவ்வொன்றும் பதினேழு மில்லிமீட்டர் கூடுதலாக நிமிர்ந்து நிற்கும். கணக்கு அவ்வளவுதான். ஸ்பிரிங்கை எடைக்குத்தான் தேர்ந்தெடுக்கிறோம். உயரம் அந்த எடை ஏறிய பிறகு கிடைக்கும் அளவு. ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் ஒரே வண்டிக்கு, ஒரே உயரத்துக்கு, சுமையைப் பொறுத்து மூன்று நான்கு ஸ்பிரிங்குகள் இருப்பது இதனால்தான். நம் ஊரில் அந்தப் பட்டியலைப் படிக்காமல், கையிருப்பில் இருக்கும் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

கனமான ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கம்பியின் தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எகிறிவிடும்: மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது தடிமனின் நான்காம் மடியைப் பொறுத்தது. வெறும் வண்டியில் இப்படி ஒரு ஸ்பிரிங் போட்டால், பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது அது அமுங்காது. எதிர்ச் சக்கரம் காற்றில் தொங்கும். காட்டுப் பாதைக்குப் போட்ட செலவு காட்டிலேயே எதிராகத் திரும்புகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கமான் பட்டை, அதாவது அடுக்கிய எஃகுப் பட்டை, வைத்த பழைய வண்டிகள். ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கல்பாதையில் தினமும் போய்வருகின்றன. அவற்றின் சாமர்த்தியத்தில் பாதி ஓட்டுநரின் காலில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றம் வேண்டாம். ஜிம்னி போல முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு, உள்ள வண்டியில், எத்தனை அங்குல ஸ்பிரிங் போட்டாலும் ஆக்சில் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உயர்வது உடல் மட்டும். முன் பின் முனைகளும் வயிற்றுப் பகுதியும் பாறையில் இடிக்காமல் தப்பும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். உருண்டையை உயர்த்துவது டயர்தான். ஜிம்னியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் 733. விட்டத்தில் கூடும் 40இல் பாதி, அதாவது 20 மில்லிமீட்டர், உருண்டைக்கு அடியில் சேர்கிறது. ஆனால் டயர் பெரிதானால் இழுவை குறையும், வேகமானி குறைத்துக் காட்டும், பிரேக்குக்கு வேலை கூடும். அடித்தட்டு இடிக்கிறதா, உருண்டை இடிக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்து, கீறல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அந்தக் கீறலே சொல்லிவிடும்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சக்கரம் கீழே எவ்வளவு தொங்கலாம் என்பதற்கு எல்லை ஷாக்கின் நீளம். உடல் 50 மில்லிமீட்டர் உயர்ந்து, ஷாக் அதே நீளத்தில் இருந்தால், தொங்குவதற்கு இருந்த இடத்தில் அந்த 50 போய்விட்டது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு 'டக்' என்று அடிக்கும். அந்த அடி ஒவ்வொன்றும் அதன் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் விழுகிறது. விறைப்பான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்கவும் முடியாது. நீளமான ஷாக் போட்டால் கதை மறுபக்கம் திரும்புகிறது: முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து தளர்கிறதா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா, முழுதாக அமுங்கும்போது ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் ரப்பர் தடுப்பு வேலை செய்கிறதா என்று ஜாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்தாக வேண்டும். இதற்கு அரை நாள் ஆகும். அரை நாள் கூலி வேண்டாம் என்பவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை.

வால்பாறை போய்வந்த ஜிம்னி நேர்ச்சாலையில் அலைந்த கதைக்கு வருகிறேன். ஜிம்னியின் முன் ஆக்சிலை நீளக் கைகள் பிடித்திருக்கின்றன. உடல் உயர உயர அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஆக்சிலை முன்பக்கமாகச் சுழற்றிவிடுகின்றன. சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் குறைகிறது. சைக்கிளின் முன் கவை செங்குத்தாக நின்றால் கையை விட்டு ஓட்ட முடியுமா? அதே கதைதான். கூடவே, ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் பான்ஹார்டு கம்பி சரிந்து, ஆக்சில் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடும். காஸ்டரைத் திருத்தும் புஷ்ஷும் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு கம்பியும் போட்டு, பிறகு அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் விலையில் இவை சேர்வதில்லை. விற்பவர்கள் இவற்றைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

2020இல் வந்த மகிந்திரா தார் வேறு ரகம். பின்னால் முழு ஆக்சில், முன்னால் தனித்தனிக் கைகள். அங்கே ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி இருப்பதால், மேலே வைக்கும் ஸ்பேசரின் தடிமனைவிட வண்டி அதிகமாக உயரும். முன் ஆக்சில் மூட்டுகளின் கோணம் கூடி, ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். அளவோடு நிறுத்துங்கள். முந்தைய தாரில், முன்னால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியைத் திருகி உயர்த்துவார்கள். அதனால் விறைப்பு மாறாது, தொங்கும் இடம்தான் குறையும். மாருதி ஜிப்சிக்குக் கமான் பட்டை. பட்டை ஒன்றைக் கூடுதலாகச் செருகுவது மலிவான வழி. ஆனால் அது பாரம் சுமக்க உதவும், பாறையில் வளைந்துகொடுக்க உதவாது. ஸ்பிரிங்கைச் சூடேற்றி வளைப்பவரிடமிருந்து மட்டும் ஓடிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பம்பருக்கு முன்னால் போடும் 'புல் பார்' என்ற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான். கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டி சுமக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடையும் கூடிவிடாது. பிரேக்கும் ஆக்சிலும் பழையவைதானே.

அந்த ஜிம்னிக்கு முப்பது மில்லிமீட்டர் உயர்த்தும் மெல்லிய ஸ்பிரிங்கும், அதற்கேற்ற ஷாக்கும், காஸ்டர் புஷ்ஷும் போட்டோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வந்தபோது ஸ்பிரிங் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிப் படிந்திருந்தது, அது இயல்பு. அலைன்மென்டை இன்னொரு முறை பார்த்து அனுப்பினேன். கழற்றிய கனமான ஸ்பிரிங்குகள் இரண்டு மாதம் பட்டறை மூலையில் கிடந்தன. பிறகு கூரைக் கூடாரமும் ஒளித்துப் பொருத்திய வின்ச்சும் தண்ணீர்த் தொட்டியுமாக இன்னொரு ஜிம்னி வந்தது. எடைச்சீட்டைப் பார்த்துவிட்டு அவற்றையே எடுத்துப் போட்டேன். முன்புறம் 49 மில்லிமீட்டர் ஏறியது.