சொல் விளக்கம்: தோல்

அழகுசாதன விளம்பரங்களில் தோலுக்கு இடமில்லை, எல்லாம் சருமம்தான். செருப்புக்குத் தோல், முகத்துக்குச் சருமம் என்று எப்படியோ பங்கு பிரித்துவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், சருமத்தின் மூலச்சொல்லான ‘சர்மன்’ வடமொழியில் பெரும்பாலும் உரித்த தோலைத்தான் குறித்தது. தோல் வேலை செய்பவர் ‘சர்மகாரர்’. உயிருள்ள உடம்பின் தோலுக்கு அங்கே ‘த்வச்’ என்று வேறு சொல் உண்டு. அதுவும் தமிழுக்கு வந்தது: சைவ சித்தாந்த நூல்கள் ஐம்பொறிகளை அடுக்கும்போது சொல்லும் ‘தொக்கு’ அதுவே. தக்காளித் தொக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோல் திராவிடச் சொல். மலையாளத்தில் தோல், தெலுங்கில் தோலு. ‘தொலி’யும் உமி நீக்குவதைக் குறிக்கும் ‘தொலித்தல்’ என்ற வினையும் இதன் உறவுகள். பழந்தமிழில் கேடயமும் தோல், யானையும் தோல். விலங்கின் தோலுக்கு அதள் என்றும், உரித்ததற்கு உரிவை என்றும் சொற்கள் இருந்தன. முகத்துக்கும் செருப்புக்கும் மாம்பழத்துக்கும் பொதுவாக நிற்கும் ‘தோல்’ இருக்க, உயிரியலுக்குச் சருமம் எதற்கு என்பது என் கேள்வி.

முதுகெலும்புள்ள விலங்குகளின் தோல் ஈரடுக்கு: மேல்தோல், உள்தோல். மேல்தோலில் பொதுவாக இரத்தக் குழாய் கிடையாது. நிலத்தில் வாழ்பவற்றில் அதன் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மேலேறும்போது கெரட்டின் என்ற கடினமான புரதம் நிரம்பி, இறந்து, உதிர்கின்றன. உள்தோல் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். குழாய்களும் நரம்புகளும் ஓடுவது அங்கேதான். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதே முடியையும் மேல்தோலையும் கழற்றத்தான். ஆகவே செருப்பாவது உள்தோல். பாம்புச் சட்டை இதற்கு நேர்மாறு: முழுக்க மேல்தோலின் இறந்த பகுதி. கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணை மூடியிருந்த வட்டச் செதில்கூடத் தெரியும்.

‘செதில்’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். நாம் சுரண்டி எடுக்கும் மீன் செதில் உள்தோலில் உருவாகும் எலும்புத் தகடு. பாம்பின் செதில் மேல்தோலின் கெரட்டின் தடிப்பு. சுறாவின் செதிலோ பல்லைப் போன்ற அமைப்புடையது. அதனால்தான் அதன் தோலை முன்பு மரத்தை இழைக்கவும் பயன்படுத்தினார்கள். ‘எலும்புச் செதில்’, ‘கொம்புச் செதில்’, ‘பற்செதில்’ என்று பிரித்துச் சொன்னால் மாணவர்கள் குழம்ப மாட்டார்கள். கொம்பு என்பதும் பொருத்தமே: கெரட்டின் என்ற பெயரே கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இறகு, மயிர், நகம், குளம்பு எல்லாம் அந்தப் பொருள்தான்.

தோலின் வேலையை ‘உடம்பைப் போர்த்துவது’ என்று மட்டும் எழுதும் வரையறைகள் போதாது. பாலூட்டிகளின் வியர்வைச் சுரப்பி மட்டுமல்ல, பால் சுரப்பியும் தோலிலிருந்தே உருவாகிறது. பறவைக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. தவளை ஈரத்தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தவளையின் உறவான, பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர்களில் நுரையீரலே இல்லாத இனங்களுக்குத் தோல்தான் முதன்மையான மூச்சுறுப்பு.