காட்டேஜ் டிவியில் உங்கள் போன்: கொஞ்சம் கவனியுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டேஜ் எடுத்துத் தங்குகிறவர்கள் இருட்டியதும் செய்கிற முதல் வேலை, பகலில் எடுத்த போட்டோக்களை டிவியில் போட்டுப் பார்ப்பது. ஏழு மணிக்கு மேல் குளிரில் வெளியே சுற்ற முடியாது, தப்பில்லை. ஆனால் அந்த டிவியை நேற்று வேறு குடும்பம் பார்த்தது, நாளை இன்னொரு குடும்பம் பார்க்கும். காட்டேஜ்களுக்கு டிவியும் வைஃபையும் பொருத்திக் கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவற்றை இங்கே சொல்கிறோம்.

போனிலிருந்து டிவிக்கு வயர் இல்லாமல் போக இரண்டு வழி உண்டு. பலரும் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். ஸ்கிரீன் மிரரிங் என்பது போன் திரை முழுவதையும் அப்படியே டிவியில் காட்டுவது. சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ, வேறு கம்பெனிகளில் ஸ்கிரீன்காஸ்ட், ஸ்மார்ட் மிரரிங் என்று பெயர் மாறும். நடுவில் வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதுவும் 43 இஞ்ச்சில் தெரியும், வங்கி ஓடிபியும் தெரியும். காஸ்ட் செய்வது வேறு. யூடியூப் ஆப்பில் மேலே ஒரு செவ்வகமும் அதன் மூலையில் வளைகோடுகளும் சேர்ந்த சின்னம் இருக்கிறதே, அதை அழுத்தினால் டிவியே இணையத்திலிருந்து வீடியோவை இழுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்தான், அதில் நீங்கள் வேறு எதைத் திறந்தாலும் டிவிக்குப் போகாது. கூகுள் போட்டோஸிலும் இதே சின்னம் உண்டு. ஆகவே போட்டோ பார்க்க மிரரிங்கே தேவையில்லை என்பதுதான் நாங்கள் எல்லோரிடமும் முதலில் சொல்வது.

மிரரிங் செய்தே ஆக வேண்டுமானால், முதலில் டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அது சத்தத்தை மட்டும்தான் அடக்கும், அறிவிப்பு திரையில் வந்துகொண்டே இருக்கும். அந்த செட்டிங்குக்குள்ளேயே அறிவிப்புகளைத் திரையில் மறைக்கும் தேர்வு தனியாக இருக்கும், அதையும் போடுங்கள். மிரரிங் ஓடும்போது யுபிஐயில் பணம் அனுப்ப வேண்டாம். பின் நம்பர் அடிக்கும் பக்கத்தைக் கறுப்பாக்கிவிடும் ஆப் உண்டு, கறுப்பாக்காததும் உண்டு. எது எப்படி என்று சோதித்துப் பார்க்கும் இடம் அதுவல்ல.

நெட்பிளிக்ஸ் மாதிரி ஆப்களை மிரர் செய்தால் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கலாம். டிவி ரிப்பேர் என்று கேர்டேக்கரைக் கூப்பிடாதீர்கள், அது காப்பி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு.

வரிசையாக நாலைந்து காட்டேஜ் இருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை. ஒரே மாடல் டிவியை மொத்தமாக வாங்கி மாட்டியிருப்பார்கள். போனில் தேடினால் ஒரே பெயரில் நான்கு டிவி வரும். மரத் தடுப்பைத் தாண்டி சிக்னல் எளிதாகப் போகும் என்பதால், உங்கள் குடும்பப் போட்டோ பக்கத்து அறையில் ஓடினாலும் ஆச்சரியமில்லை. உங்கள் டிவியில் அனுமதி கேட்டோ எண் காட்டியோ பெட்டி வந்ததா என்று பார்த்த பிறகே மேலே போங்கள். எதுவும் வரவில்லையென்றால் உடனே துண்டியுங்கள். உரிமையாளர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: டிவி செட்டிங்கில் சாதனப் பெயரைக் 'காட்டேஜ் 3' என்பதுபோல மாற்றுங்கள். சாம்சங் டிவியில் டிவைஸ் கனெக்‌ஷன் மேனேஜருக்குள் போய், புதுப் போன் இணையும்போதெல்லாம் அனுமதி கேட்கும்படி வையுங்கள்.

எல்லா அறைக்கும் ஒரே வைஃபை என்றால் பக்கத்து அறைக்காரர் உங்கள் டிவிக்குக் காஸ்ட் செய்யலாம், ஓடுவதை நிறுத்தவும் செய்யலாம். இதற்குப் பயந்து சிலர் ரவுட்டரில் ஏபி ஐசோலேஷனை, அதாவது ஒரே வைஃபையில் உள்ள சாதனங்களை ஒன்றோடொன்று பேசவிடாமல் தடுக்கும் செட்டிங்கை, போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் போனும் டிவியும்கூட ஒன்றையொன்று பார்க்கவே முடியாது, காஸ்ட் சின்னமே காணாமல் போகும். அறைக்கு ஒரு வைஃபை பெயர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு என்று பிரித்து, அந்த அறை டிவியை அதில் மட்டும் இணைப்பதே சரியான வழி. பெயரை மட்டும் மாற்றி உள்ளே எல்லாம் ஒரே நெட்வொர்க்காக விட்டால் பயனில்லை, விஎல்ஏஎன் (ஒரே ரவுட்டருக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரிக்கத் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

படம் திக்கித் திக்கி வருவதற்குப் பழைய பங்களாக்களில் காரணம் பெரும்பாலும் சுவர்தான். தடித்த கருங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டுவதே பாடு. ரவுட்டர் ஆபீஸ் ரூமில் இருந்தால் படுக்கையறை டிவிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மட்டுமே வந்து சேரும், சீசனில் அதிலும் கூட்டம். மிராகாஸ்ட் வகை மிரரிங்குக்கு ரவுட்டரே வேண்டாம், போனும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆனால் போன் அதே நேரத்தில் வேறு வைஃபை சேனலில் ரவுட்டரோடும் இணைந்திருந்தால் ஒரே ரேடியோ இரண்டு பக்கமும் மாறி மாறி ஓட வேண்டும், அதனால் படம் திக்கும். போனிலேயே இருக்கும் வீடியோ என்றால் வைஃபையை ஆனில் வைத்து, ரவுட்டர் இணைப்பை மட்டும் துண்டித்துப் பாருங்கள். ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. டிவியில் ஆப்பிளின் ஏர்பிளே வசதி இருக்க வேண்டும், முதல் தடவை டிவி காட்டும் நான்கு இலக்க எண்ணைப் போனில் அடிக்க வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டில் காஸ்ட் செய்கிறவர்கள் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகலாம், நாளுக்கு 2 ஜிபி பேக்கில் இடைவேளைக்குள் படம் நின்றுவிடும்.

இணையவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி அழைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. போலி நம்பர்கள் நிறைய. எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்தே உங்கள் போன் திரையைப் பார்க்க விடும் ஆப்பை இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள், டிவியை இணைக்க அது தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

காலி செய்யும் காலையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் டிவியை ஒருமுறை திறங்கள். கூகுள் கணக்கைப் போட்டிருந்தால் செட்டிங், அக்கவுண்ட்ஸ், ரிமூவ். இணைந்த சாதனங்களின் பட்டியலில் உங்கள் போன் பெயர் இருந்தால் அதையும் நீக்குங்கள். மறந்துபோய் மலைப்பாதையில் பர்லியாறு வரை இறங்கிவிட்டீர்களா? போனில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' பகுதிக்குப் போய், அந்த டிவியைத் தேர்ந்தெடுத்து சைன் அவுட் கொடுத்தால் போதும்.