பண்பேற்றம்: அலையின் எந்த இடத்தில் சுமை ஏற்றுகிறோம்?

போனில் வைஃபை அமைப்புகளைத் திறந்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். 'லிங்க் ஸ்பீடு' என்று ஓர் எண் இருக்கும். வைஃபை 6 ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பல போன்களில் அது 1201 (விநாடிக்கு இத்தனை மெகாபிட்). எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தால் 1080, 960 என்று குறையும். இன்னொரு சுவர் குறுக்கே வந்தால் 864, 720. எண் வழுக்கிக்கொண்டு இறங்குவதில்லை; மாடிப்படி மாதிரி நின்று நின்று இறங்குகிறது. இவற்றில் சில படிகளில் போனும் ரூட்டரும் அலையில் சுமை ஏற்றும் முறையையே மாற்றிக்கொள்கின்றன. அந்த முறைக்குத்தான் மாடுலேஷன் என்று பெயர். தமிழில் பண்பேற்றம்.

முதலில் மாடுலேஷனைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'மோடஸ்' என்றால் அளவு. 'மோடுலுஸ்' என்றால் சிற்றளவு. அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு அளந்து ஒழுங்குபடுத்துவது, தாள அளவோடு பாடுவது என்று பொருள். மாடல், மாட்யூல், மோடு எல்லாம் அதே குடும்பம். மேலை இசையில் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதற்கும் இதே சொல்தான். வானொலி வந்தபோது பொறியாளர்கள் புதுச் சொல் தேடாமல் கையிலிருந்த இதையே எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் இந்தச் சொல் அதிகம் காதில் விழுவது டப்பிங் அரங்கில். "மாடுலேஷன் கொஞ்சம் மாத்திப் பேசுங்க" என்பார்கள். அங்கே அது குரலின் ஏற்ற இறக்கம். இதற்குத் தமிழ் புதிதாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. எழுத்துகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் இடத்தில் நன்னூல் 'எடுத்தல், படுத்தல், நலிதல்' என்று மூன்று சொற்களைத் தருகிறது. குரலை உயர்த்துவது, தாழ்த்துவது, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது. பேச்சுக்கு இது போதும். வானொலிக்குப் போதாது. குரலில் ஏற்ற இறக்கம் செய்யும்போது மாறுவது அந்தக் குரலேதான். வானொலியிலோ இரண்டு பொருள்கள் இருக்கின்றன: சொல்ல வேண்டிய செய்தி, அதைச் சுமந்து போகும் அலை.

ஏன் இரண்டு? 3,000 ஹெர்ட்ஸ் பேச்சொலியை அப்படியே மின்காந்த அலையாக அனுப்பினால் அதன் அலைநீளம் 100 கிலோமீட்டர். நல்ல ஆன்டெனா அதில் கால் பங்காவது வேண்டும் என்றால் 25 கிலோமீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட வேண்டும். அதுவே 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 75 சென்டிமீட்டர் போதும். ஆகவே வேகமாக அதிரும் ஓர் அலையைப் பிடித்து அதன் மேல் செய்தியை ஏற்றி அனுப்புகிறோம். அந்த அலைக்குப் பாடநூலில் 'ஊர்தி அலை' என்று பெயர். ஊர்தி, ஏற்றம், மறுமுனையில் இறக்கம்: லாரி நிற்கும் இடத்தில் புழங்கும் சொற்களே வானொலிக்குள் வந்துவிட்டன. லத்தீன் சொல் அளவைப் பேசுகிறது. தமிழ்ச் சொல் சரக்கைப் பேசுகிறது. நடப்பதை அப்படியே சொல்வது தமிழ்ச் சொல்தான் என்பது என் எண்ணம்.

பண்பேற்றத்தில் 'பண்' கேட்பதால் இசையிலிருந்து வந்த சொல்லோ என்று சிலருக்குத் தோன்றும். இல்லை. பண்பு + ஏற்றம். குற்றியலுகரம் கெட்டுப் பண்பேற்றம் ஆயிற்று. சரி, இந்தத் தொகையை எப்படி விரிப்பது? 'பண்பை ஏற்றுதல்' என்று இரண்டாம் வேற்றுமையாக விரிப்பவர்கள் உண்டு. செய்தியின் பண்பை எடுத்து அலைமேல் ஏற்றுவதாக அப்போது பொருள் வரும். பேச்சையும் பாட்டையும் அனுப்பும் காலத்தில் இது பொருந்தியது. இன்று அனுப்புவது சுழியமும் ஒன்றும். அவற்றுக்கு என்ன பண்பு இருக்கிறது எடுத்து ஏற்ற? 'பண்பில் ஏற்றுதல்' என்று ஏழாம் வேற்றுமைத் தொகையாக விரித்துப் பாருங்கள். பண்பு சுமை இல்லை, சுமை வைக்கும் இடம். ஊர்தி அலைக்குச் சில பண்புகள் உண்டு. அவற்றில் எதில் செய்தியை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இப்படிப் படித்தால் பழைய வானொலியிலிருந்து இன்றைய வைஃபை வரை எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி வந்துவிடும்.

இடங்கள் மூன்று. அலையின் உயரம், அதாவது வீச்சு. விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அதிர்வெண். சுழற்சியின் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்ற கட்டம். (வீட்டுக்கு வரும் த்ரீ ஃபேஸ் கரண்ட்டில் இதே 'ஃபேஸ்' மும்முனை மின்சாரம் என்று முனையாகிவிட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு பெயர் என்பதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.)

மத்திய அலை வானொலியில் செய்தி வீச்சில் ஏறுகிறது. மழைக்காலத்தில் மின்னல் வெட்டும்போதெல்லாம் பெட்டி கரகரவென்று இரையும். மின்னலும் தன் பங்குக்கு ஓர் அலையை வீசுகிறது; அது ஊர்தி அலையோடு சேர்ந்து உயரத்தைக் கெடுக்கிறது. செய்தி உயரத்தில் இருப்பதால் செய்தியும் கெடுகிறது. எஃப்எம்மில் செய்தி இருப்பது அதிர்வெண்ணில். பெட்டிக்குள் நுழைந்ததுமே உயரத்தை ஒரே மட்டமாக வெட்டிவிடலாம். மின்னல் தந்த அழுக்கும் அதோடு போய்விடும். 1922-இல் ஜான் கார்சன் என்ற பொறியாளர், அதிர்வெண்ணில் ஏற்றுவதால் அலைவரிசையின் அகலத்தை (அது பிடித்துக்கொள்ளும் அதிர்வெண் இடத்தை) சுருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் எதிர்த்திசையில் போனார்: சுருக்க வேண்டாம், நன்றாக விரித்துவிடுவோம், விரித்தால் இரைச்சல் அடங்கும் என்றார். 1933-இல் காப்புரிமைகள் கிடைத்தன. அகலத்தைக் கொடுத்து அமைதியை வாங்கும் பண்டமாற்று அது.

இங்கே நம் புழக்கத்தில் ஒரு வேடிக்கையான சுருக்கம் நடந்தது. எஃப்எம் என்றால் முறைப்படி அதிர்வெண் பண்பேற்றம். மக்கள் வாயில் அது பண்பலை ஆனது. அதிர்வெண் உதிர்ந்துவிட்டது, பண்பு மட்டும் நின்றது. கறாராகப் பார்த்தால் மத்திய அலையும் பண்பேறிய அலைதான். ஆனாலும் பண்பலை அழகான சொல், ஊரே ஏற்றுக்கொண்ட சொல். அதைத் திருத்தப் போக வேண்டாம்.

இனி வைஃபைக்கு வருவோம். அங்கே வீச்சு, கட்டம் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறார்கள். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள், ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி. தள்ளி நிற்பதால் ஒன்றின் சுமை இன்னொன்றில் கலப்பதில்லை. கால்வட்ட வீச்சுப் பண்பேற்றம் என்பது இதற்கு முழுப் பெயர். பொறியாளர்கள் 'க்வாம்' என்பார்கள். முதல் அலையின் அளவைக் கிடையாகவும் இரண்டாவதன் அளவை நெடுக்காகவும் குறித்தால் தாளில் ஒரு புள்ளி விழும். அனுப்பக்கூடிய எல்லாப் புள்ளிகளையும் வைத்தால் கிடைப்பது, வாசலில் நேர்ப்புள்ளி வைத்த கோலம். எட்டுக்கு எட்டு வைத்தால் 64 க்வாம். பதினாறுக்குப் பதினாறு 256. முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு 1024, வைஃபை 6-இன் உச்சம். வைஃபை 7-இல் அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு, 4096 புள்ளிகள்.

இந்தப் படத்தை ஆங்கிலத்தில் விண்மீன் கூட்டம் என்கிறார்கள். நமக்கு 'புள்ளிக் கோலம்' என்பதே பொருந்தும் என்பேன். வெறும் தோற்றத்துக்காக இல்லை. வாசலின் அகலம் மாறாது. அதுதான் அனுப்பும் திறனுக்கு (பவருக்கு) இருக்கும் வரம்பு. அதே வாசலில் புள்ளிகளைக் கூட்டினால் நெருக்கி நெருக்கி வைக்க வேண்டும். காற்றில் இருக்கும் இரைச்சல் ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் இழுத்துவிடும். புள்ளிகள் விலகியிருந்தால் இழுத்தாலும் எது எது என்று தெரியும். நெருங்கியிருந்தால் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். 64 புள்ளிகளில் ஒன்றைக் காட்ட 6 பிட், அதாவது சுழியமோ ஒன்றோ ஆன ஆறு இலக்கங்கள். 1024-க்கு 10, 4096-க்கு 12. அதாவது வைஃபை 6-இலிருந்து 7-க்குப் போனால் புள்ளிகள் நான்கு மடங்கு, ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஏறும் சுமை ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதற்கு விலையாக இரைச்சலின் திறன் நான்கில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இது கைகூடும்.

அந்த 1201-ஐக் கூட்டிப் பார்ப்போம். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 6 ஒரே ஊர்தியை ஓட்டுவதில்லை. அகலத்தைக் கீற்றுக் கீற்றாக வகுந்து, ஒன்றோடொன்று மோதாத 980 சிறு ஊர்திகளில் தரவை ஏற்றுகிறது. ஒவ்வொன்றிலும் 10 பிட் என்றால் 9,800. அதில் ஆறில் ஒரு பங்கு பிழைதிருத்தத்துக்குப் போக மீதி ஏறத்தாழ 8,166. இத்தனையும் போக 13.6 மைக்ரோ விநாடி ஆகிறது. அதிலும் 0.8 மைக்ரோ விநாடி, சுவர்களில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி அடங்குவதற்கு விட்ட இடைவெளி. வகுத்தால் விநாடிக்குச் சுமார் 600 மெகாபிட். போனில் இரண்டு ஆன்டெனா இருந்தால் இரண்டு தடம்: 1201. அடுப்படியில் கோலம் பதினாறுக்குப் பதினாறாகச் சுருங்குகிறது, 10 பிட் 8 ஆகிறது: 960. எட்டுக்கு எட்டு, 6 பிட்: 720. இடையில் வரும் 1080, 864 இரண்டிலும் அவற்றுக்கு முந்தைய படியின் கோலம்தான். பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கும் பங்கு மட்டும் நாலில் ஒன்றாகக் கூடுகிறது.

கோலம், ஊர்திகள், இடைவெளி என இந்த முடிவுகளை எல்லாம் எடுக்கும் இடத்துக்கு ஃபிசிக்கல் லேயர் என்று பெயர். நெட்வொர்க்கின் வேலைகளை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் மாதிரியில் அடியிலிருக்கும் அடுக்கு. துறைக்காரர்கள் 'ஃபை' என்று சுருக்குவார்கள். 'இயற்பியல் அடுக்கு' என்று எழுதினால் ஒரு பாடத்தின் பெயராகிவிடுகிறது. அதனால் 'பௌதிக அடுக்கு' என்பதையே நான் விரும்புகிறேன். பூதம் என்பதிலிருந்து வந்த சொல் அது. மேலே உள்ள ஆறு அடுக்குகளும் எண்களோடு மட்டும் பேசுகின்றன. இது ஒன்றுதான் வெளியில் கை நீட்டி ஐம்பூதங்களைத் தொடுகிறது. மழையும் சுவரும் நடுவில் நிற்கும் ஆளும் இதற்குத்தான் கணக்கு. மறுமுனையில் போய்ச் சேர்ந்த அலையிலிருந்து சுமையை எடுப்பது பண்பிறக்கம். ஏற்றத்துக்கு இறக்கம் என்று ஜோடி தயாராகவே இருந்ததால் அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.