போக்கர்: சொல் விளக்கம்

செய்தித்தாளில் போக்கர் என்ற சொல் வந்தால் பக்கத்திலேயே சூதாட்டம் என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிக்கிறவர்களும் இரண்டும் ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சூது என்பது பொதுப்பெயர். சேவல் சண்டையில் பணம் கட்டினாலும் சூதுதான், மங்காத்தாவில் உள்ளே வெளியே என்று கட்டினாலும் சூதுதான். போக்கர் என்பதோ ஒரு சீட்டாட்டக் குடும்பத்தின் பெயர். ஹோல்டெம், ஓமஹா, ஸ்டட், டிரா என்று அதில் பல பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் இரண்டு. ஐந்து சீட்டு கொண்ட கைகளில் யாருடையது பெரிது என்று பார்ப்பது ஒன்று. மற்றவர்கள் எல்லாரும் பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால், மிஞ்சி நிற்பவர் தன் கையைக் காட்டாமலே நடுவில் கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. சொல்லின் வேர் இந்த இரண்டாவது விதியின் பக்கம்தான் இருக்கிறது.

ஜெர்மன் மொழியில் பொஹென் என்றால் தட்டுதல். வீம்பாகப் பேசுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. அந்தச் சொல்லை வைத்தே அங்கே ஒரு பழைய சீட்டாட்டத்துக்குப் பெயர். அதே ஆட்டம் பிரான்சில் போக் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸ் பக்கம் 1800களின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் விழுந்து போக்கர் ஆயிற்று என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பாரசீகத்து ஆஸ் நாஸ் ஆட்டம்தான் இதற்குத் தாய் என்று ஒரு கட்சி நெடுநாள் பேசிவந்தது. சீட்டாட்ட வரலாற்றைத் துருவியவர்கள் பெரும்பாலும் இப்போது அதை ஏற்பதில்லை. தொடக்க காலத்தில் 20 சீட்டுதான்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஐந்து, கட்டு தீர்ந்தது. 52 சீட்டு முழுக்கட்டுக்கு மாறியது அப்புறம்தான்.

மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் இது பரவிய நாளில் இதற்கு இன்னொரு பெயரும் இருந்தது: பிளஃப். இந்தச் சொல்லைத்தான் தமிழில் எல்லாரும் சொதப்புகிறார்கள். அகராதிகளைப் புரட்டினால் ஏமாற்று என்று இருக்கும். ஏமாற்று என்றால் சட்டைக்கைக்குள் ஒரு ஏஸை ஒளித்து வைப்பது. மாட்டினால் அடி விழும். பிளஃப் செய்பவர் எந்த விதியையும் மீறவில்லை. கையில் ஒன்றுமில்லாமல் பெரிய கை இருப்பதுபோலப் பணயத்தை ஏற்றுகிறார், அவ்வளவுதான். இதற்கு நம் ஊரில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: உதார். "சும்மா உதார் விடாதடா" என்று நாம் சொல்லும்போது, இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டாதே என்றுதானே பொருள்? பாவ்லா என்ற சொல்லையும் சிலர் சொல்வார்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம். பிரமாதமான கையை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு மற்றவர்களை உள்ளே இழுப்பதும் பாவ்லாதான். ஆகவே பிளஃப் என்பதற்கு உதார், பலத்தை மறைத்து ஆடுவதற்குப் பாவ்லா என்று பிரித்துக்கொள்வது என் கட்சி. இரண்டும் கொச்சை என்று முகம் சுளிப்பவர்கள், ஆட்டத்தின் நடுவே வாயில் வருகிற வேறு சொல் ஏதாவது இருந்தால் சொல்லட்டும்.

இனி சீட்டு. இந்தச் சொல்லுக்கு நம்மிடம் வேலை அதிகம். பயணச்சீட்டு, வாக்குச்சீட்டு, ஏலச்சீட்டு எல்லாம் இதே சீட்டுதான். தருமபுரியில் ஒருவர் "சீட்டு போட்டிருக்கேன்" என்றால் மாதத் தவணை கட்டுகிறார் என்று பொருள். "சீட்டு ஆடிட்டு இருக்கார்" என்றால் வீட்டில் சண்டை நடக்கப்போகிறது என்று பொருள். ஓசூர்ப் பக்கம் போனால் வேடிக்கை கூடும். அங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். தெலுங்கு பேசுகிறவர் இதைப் பேக்காட்ட என்பார். ஒரு சீட்டு அவருக்கு முக்க, அதாவது துண்டு. கன்னடக்காரருக்கு ஆட்டமே இஸ்பீட்டு. ஒரு சீட்டு எலெ, அதாவது இலை. நமக்கு இஸ்பேட் என்பது நான்கு இனங்களில் ஒன்று மட்டும். மற்ற மூன்றில் ஆட்டின், டைமன் இரண்டையும் விட்டுவிடலாம், கிளாவர் கொஞ்சம் சுவாரசியம். ஆங்கிலத்தில் கிளப்ஸ் என்று இருப்பது நம் வாயில் எப்படிக் கிளாவர் ஆனது என்று தேடினால், டச்சு மொழியில் அந்த இனத்துக்குப் பெயர் கிளாவரன். யாழ்ப்பாணத்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கிறார்கள். டச்சுக்காரர் கோட்டை கட்டிய கரைகளிலிருந்து இந்தச் சொல் மேலேறி வந்திருக்க வேண்டும்.

போக்கர் கற்றுக்கொள்ள நம் பக்கத்துக்காரர்களுக்கு இருக்கும் பெரிய வசதியே பெரிய இடைஞ்சலும்கூட. அதுதான் மூணு சீட்டு. வடக்கே தீன் பத்தி எனப்படும் இந்த ஆட்டம், ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த பிராக் என்ற ஆட்டத்தின் வழிவந்தது. பிராக் என்றாலும் பீற்றிக்கொள்ளுதல்தான்! போக்கருக்கும் மூணு சீட்டுக்கும் ஒரே குணம், பெயரிலும்கூட. ஆனால் கைகளின் வரிசை மட்டும் வேறு.

ஒரு தீபாவளி இரவில் காவேரிப்பட்டணத்து வீடு ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பையன், அறைத் தோழர்களிடம் ஹோல்டெம் கற்றுக்கொண்டு வந்து வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பணம் கிடையாது, ஆளுக்கு ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? ஒரு கட்டத்தில் மாமா கொட்டைகளை இரண்டு கையாலும் அணைத்து இழுக்கப் போனார். பையன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, கலர்தான் பெருசு. உங்களுது வெறும் சீக்வன்ஸ்."

"எவன்டா சொன்னான்? நான் சீட்டு ஆடும்போது நீ பொறக்கவே இல்ல. சீக்வன்ஸுக்கு அப்புறந்தான் கலர்."

சீக்வன்ஸ் என்றால் எண்கள் வரிசையாக வருவது, கலர் என்றால் எல்லாச் சீட்டும் ஒரே இனமாக வருவது. இரண்டு பேர் சொன்னதும் சரி, அவரவர் ஆட்டத்தில். கிடைப்பதற்கு அரிதான கை பெரிய கை என்பதுதான் அடிப்படை. 52 சீட்டில் மூன்று எடுத்தால் 22,100 விதமான கைகள் வரும். அவற்றில் எண் வரிசை 720, ஒரே இனம் 1,096. வரிசைதான் அரிது, எனவே மூணு சீட்டில் வரிசை மேலே. ஐந்து எடுத்தால் 25,98,960 கைகள். அவற்றில் வரிசை 10,200, ஒரே இனம் 5,108. இங்கே ஒரே இனம் அரிதாகிவிட்டது, எனவே போக்கரில் கலர் மேலே. மூன்றும் ஒரே எண்ணாக வருவது மூணு சீட்டில் உச்சம். போக்கரில் அதற்கு 54,912 வழி இருப்பதால் வரிசைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. (மூணு சீட்டிலேயே ஒரு கோணல் உண்டு. ஒரே இனத்தில் வரிசையாக வரும் கை 48, மூன்றும் ஒன்றாக வரும் கை 52. கணக்குப்படி முதலாவதுதான் மேலே இருக்க வேண்டும். வழக்கம் கேட்கவில்லை.)

போக்கரின் முழு வரிசையைக் கீழிருந்து சொன்னால்: தனிச்சீட்டு, ஜோடி, இரட்டை ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை, ஒரே இனம், மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், நான்கு ஒரே எண், கடைசியாக ஒரே இனத்தில் வரிசை. அதிலும் பத்து முதல் ஏஸ் வரை வந்துவிட்டால் ராயல் ஃபிளஷ். இனத்துக்கு ஒன்றாக மொத்தக் கட்டிலும் அது நான்கே நான்கு. வரிசைக்கு சீக்வன்ஸ் என்பது ரம்மி ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல், அதை மாற்றத் தேவையில்லை. ஒரே இனத்துக்குக் கலர் என்பதும் அப்படியே. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆட்டினும் டைமனும் இரண்டும் சிவப்பு என்பதற்காக அவை ஒரே கலர் ஆகிவிடாது.

இன்னொரு வழுக்கல் பிளைண்டு. மூணு சீட்டில் பிளைண்டு என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. பார்த்து ஆடுபவர் கட்டுவதில் பாதி கட்டினால் போதும், கெத்தும் கூடும். ஹோல்டெமில் பிளைண்டு என்பது கட்டாயப் பணயம். சீட்டு போடுபவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் இருவர், சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே, ஒருவர் சிறியதும் அடுத்தவர் வழக்கமாக அதன் இரு மடங்கும் நடுவில் வைத்தாக வேண்டும். சீட்டை அப்புறம் தாராளமாகப் பார்க்கலாம். ஒரே சொல், இரண்டு ஆட்டத்தில் இரண்டு பொருள். தமிழில் இதை முன்பணயம் என்று சொன்னால் குழப்பம் தீரும்.

பணயம் நல்ல சொல். பந்தயம் என்பது போட்டி முழுவதையும் குறிக்கும். பணயம் என்பது போட்டியில் வைக்கப்படும் பொருள். பணயக்கைதி என்று சொல்லும்போது அது நமக்குப் புரிகிறது, போக்கரில் மட்டும் ஏன் புரியாது? நடுவில் குவிவது பணயக் குவியல்.

ஹோல்டெம் ஆட்டம் இப்படிப் போகும். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. பெரிய முன்பணயக்காரருக்கு அடுத்தவரிடமிருந்து ஒரு சுற்று. இருக்கும் அளவுக்குச் சமமாகப் போடலாம், ஏற்றலாம், அல்லது பேக் சொல்லிச் சீட்டைக் கவிழ்க்கலாம். அப்புறம் நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள். இவை எல்லாருக்கும் பொது. மறுபடி ஒரு சுற்று. இப்போது யாரும் பணயம் வைக்காத நிலையில் உங்கள் முறை வந்தால், ஒன்றும் போடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். அதற்கு செக் என்று பெயர். வாயால் சொல்லாமல் விரலால் மேசையைத் தட்டினாலும் போதும். பொஹென் என்றால் தட்டுதல் என்று மேலே சொன்னேன் அல்லவா? தமிழில் இதற்குத் தட்டு என்றே சொல்லிவிடலாம். நான்காவது பொதுச்சீட்டு, ஒரு சுற்று; ஐந்தாவது, இன்னொரு சுற்று. கையில் இருக்கும் இரண்டும் நடுவில் இருக்கும் ஐந்தும் சேர்த்து ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. இந்த ஆட்டம் பிறந்த ஊர் ராப்ஸ்டவுன் என்று டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் 2007இல் அறிவித்தது.

ஓமஹாவில் ஆளுக்கு நான்கு சீட்டு. கேட்டவுடன் சுலபம் என்று தோன்றும், ஆனால் அங்கே ஒரு முள் இருக்கிறது: கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடுவில் டைமன் ராஜா, ஒன்பது, ஆறு, இரண்டு, கூடவே கிளாவர் பத்து. உங்கள் கையில் டைமன் ஏஸ், இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ராணி, கிளாவர் நான்கு. டைமன் ஐந்து ஆயிற்று, கலர் அடித்தோம் என்று குதிக்கத் தோன்றும். கையில் டைமன் ஒன்றுதான் இருக்கிறது, நடுவிலிருந்து நான்கு எடுக்க முடியாது. மிஞ்சுவது வெறும் ஏஸ் ஜோடி. ஹோல்டெமிலிருந்து வருகிறவர்கள் புளியங்கொட்டையை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்டட் ஆட்டத்தில் பொதுச்சீட்டு கிடையாது. ஆளுக்கு ஏழு, அதில் மூன்று கவிழ்த்து, நான்கு எல்லாரும் பார்க்கத் திறந்து. டிரா பழையது: ஐந்து சீட்டு, வேண்டாததைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம். ஐந்து சீட்டு மாற்று என்று சொன்னால் சிறுபிள்ளைக்கும் புரியும். இந்த மாற்று ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜாக்கி ஜோடியோ அதைவிடப் பெரியதோ கையில் இருந்தால்தான் பணயத்தைத் தொடங்கலாம். யாரிடமும் இல்லையென்றால் சீட்டைக் கலைத்து மறுபடி போடுவார்கள், நடுவில் குவியல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தக் குவியலுக்கு ஜாக்பாட் என்று பெயர். போக்கர் என்ற பெயரையே கேட்டிராத மாந்தோப்புக்காரரும் விலை ஏறிய வருஷத்தில் "இந்த வாட்டி ஜாக்பாட்" என்கிறார்.

எல்லாவற்றையும் பெயர்த்தே தீருவேன் என்று கிளம்பினால் ஆபத்தும் உண்டு. ஹோல்டெமில் கடைசிப் பொதுச்சீட்டுக்குப் பெயர் ரிவர். அதை ஆறு என்று மொழிபெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் ஆறாம் எண் சீட்டு விழுந்தால் என்ன செய்வது? "ஆறில் ஆறு வந்தது" என்று எழுத வேண்டியதுதான். முதல் மூன்று, நான்காவது, கடைசி என்று எண்ணால் சொல்வதே நல்லது. துருப்புச் சீட்டு என்ற சொல்லையும் போக்கர் பக்கம் கொண்டுவரக் கூடாது. 28, 304 ஆடுகிறவர்களின் சொத்து அது. போக்கரில் எந்த இனமும் துருப்பு ஆகாது, நான்கும் சமம்.

போக்கர் கிளப் என்பதைக் கழகம் என்று எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக எழுதலாம். திருக்குறளின் 94ஆம் அதிகாரமான சூதில் கவறும் கழகமும் என்று வருகிறதே, அங்கே கவறு என்பது உருட்டும் காய், கழகம் என்பது சூதாடும் இடம். கட்சிப் பெயர்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்த தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டு என்று அட்டவணையில் வைத்தது. இவை திறன் விளையாட்டு என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அட்டவணையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்தப் பிரிவினைக்கே போகவில்லை. திறனோ வாய்ப்போ, பணம் கட்டி இணையத்தில் ஆடுவது எதுவானாலும் தடை என்றுவிட்டது.