சொக்சோ இலாட் பென்ஷன்: மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்

“மனு போட்டு மாதக்கணக்கில் ஆச்சு, ஒரு பதிலும் இல்லை.” பிறையிலும் பட்டர்வொர்த்திலும் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்ட குடும்பங்களில் இதைத்தான் சொல்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால், பலருடைய மனு இன்னும் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குள் போயே இருக்காது. ஒரு படிவம் கம்பெனி ஆபீஸ் மேசையில் கிடக்கும். மருத்துவ ரிப்போர்ட் பெரியாஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் கிடக்கும். சொக்சோவில் கோப்பு திறந்திருக்கவே மாட்டார்கள். குடும்பமோ தீர்ப்புக்குக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடன் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

திட்டம் இதுதான். 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாதாமாதம் சம்பளத்தில் சொக்சோவுக்குப் பிடிக்கிறார்கள். நம் பங்கு சுமார் அரை சதவீதம், முதலாளி பங்கு சுமார் 1.75 சதவீதம். அந்தப் பணத்தில் இரண்டு பாதுகாப்பு இருக்கிறது. ஒன்று வேலை விபத்துக்கு. மற்றது, எந்தக் காரணத்தால் வந்த நோயாக இருந்தாலும் இனி வேலை செய்து சம்பாதிக்க முடியாது என்ற நிலைக்கு. இரண்டாவதற்குப் பெயர் பென்சென் இலாட். நம்மவர்கள் இலாட் பென்ஷன் என்கிறார்கள்.

முதல் இழப்பு இங்கேயே நடக்கிறது. சொக்சோ என்றால் தொழிற்சாலையில் கை போனால்தான், வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விழுந்தால்தான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வீட்டில் தூங்கும்போது பக்கவாதம் வந்தவர், சர்க்கரையால் கால் எடுத்தவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர் எல்லாரும் இலாட் பென்ஷன் கேட்கலாம். “வேலையிடத்தில் நடக்கவில்லையே, உனக்கு ஒன்றும் கிடைக்காது” என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பி வீட்டோடு இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் இதைத் தீர்மானிக்கிற ஆள் இல்லை.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். ஏமாற்றம் அதிகம் நடப்பது இதில்தான்.

இலாட் மனு சொக்சோவுக்குப் போய்ச் சேர்ந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அதற்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா (சம்பளத்தில் பிடிக்கும் அந்தப் பணம்) கட்டியிருந்தால் முழுப் பென்ஷனுக்குத் தகுதி. நோய் வந்த தேதியிலிருந்தோ வேலை நின்ற தேதியிலிருந்தோ எண்ணமாட்டார்கள். மனு சேர்ந்த மாதம்தான் கணக்கு. அப்படியானால், விடாமல் சந்தா கட்டி வந்த ஒருவர் வேலை நின்ற பிறகு ஏறக்குறைய 16 மாதத்துக்கு மேல் மனுவைத் தாமதித்தால் இந்த வழி அடைபட்டுவிடும். 40 மாதத்தில் 24 இருக்காது.

இன்னொரு வழி உண்டு. முதன்முதலில் சந்தா கட்ட வேண்டியிருந்த நாளிலிருந்து மனு போட்ட நாள் வரைக்கும் உள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தாலும் முழுப் பென்ஷன் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குறைந்த பென்ஷன். இரண்டிலும் மொத்தம் 24 மாதமாவது கட்டியிருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 26 வருடத்துக்கு முன்னால் முதல் வேலையில் சேர்ந்தவருக்கு அது 312 மாதம். முழுப் பென்ஷனுக்கு 208 மாதச் சந்தா வேண்டும், குறைந்ததற்கு 104. வருடக்கணக்கில் கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை செய்தவர்களுக்கு இந்த 208 எட்டாது. இடையில் எத்தனை முதலாளிகள் கட்டாமல் விட்டார்களோ யாருக்குத் தெரியும்.

பாகானில் ஒரு காவலாளி அண்ணன். வலது பக்கம் பக்கவாதம், பேச்சும் குழறிப் போனது. ஏஜென்சி ஆபீசில் அவர் மனைவியிடம், “அவசரப்படாதீங்க அக்கா, குணமாகி வரட்டும், இடம் வச்சிருக்கோம்” என்று சொன்னார்கள். அந்த அம்மாவும் நம்பினார். பிஸியோவுக்குக் கூட்டிப்போனார், எண்ணெய் தேய்த்துவிட்டார், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். இரண்டு வருடம் ஓடிப்போனது. சொக்சோ கவுண்டரில் சந்தா விவரத்தை அச்சடித்துக் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. கடைசி இரண்டு வருடம் காலி, அதற்கு முன் வேலை செய்த இரண்டு ஏஜென்சிகள் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தாள்களை அவர் மைலோ டின்னில் மடித்து மடித்து வைத்திருந்தார், மை மங்கிப் போயிருந்தது. முழுப் பென்ஷன் கிடைத்திருக்க வேண்டிய மனிதருக்குக் குறைந்த பென்ஷன்தான் கிடைத்தது. மனு சேர்வதற்கு முன்னால் படுத்துக் கிடந்த மாதங்களுக்கு ஒரு காசும் இல்லை.

முழுப் பென்ஷன் என்பது சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 சதவீதம் வரை. குறைந்த பென்ஷன் 50 சதவீதத்தோடு நின்றுவிடும். எந்தப் பென்ஷனுக்கும் எட்டாதவர் 12 மாதச் சந்தாவாவது கட்டியிருந்தால் ஒரு மொத்தத் தொகை தருவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே நோயாளி குணமாவாரா மாட்டாரா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சொக்சோ கவுண்டருக்குப் போய் ஐ.சி. அடையாள அட்டையைக் கொடுத்துச் சந்தா விவரத்தை வாங்கிவிட வேண்டும். நோயாளி வர முடியாது என்றால் யார், என்ன கடிதத்தோடு வரலாம் என்று முதலில் போன் செய்து கேளுங்கள். விவரத்தில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். சந்தா கட்டாத முதலாளிக்கு இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு எல்லாம் அப்போது உதவும்.

வயதும் ஒரு பொறி. 60 வயதுக்கு முன் மனு சேர வேண்டும். 60 தாண்டிப் போனால், நோய் 60-க்கு முன்பே இருந்தது, அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை என்று நிரூபிக்கச் சொல்வார்கள். 59 வயதில் டயாலிசிஸ் தொடங்கியவர் “பிறந்தநாள் கழியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று இருக்கவே கூடாது.

சரி, மனு உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? அரசாங்க ஆபீஸ்கள் “இத்தனை நாளில் முடிப்போம்” என்று சுவரில் மாட்டி வைத்திருக்கும் கணக்கு, ஆவணம் முழுமையாகச் சேர்ந்த நாளில்தான் தொடங்கும். ஒரு தாள் குறைந்தால் கோப்பு ‘தாக் லெங்காப்’ (முழுமையில்லை) என்று ஒதுக்கப்படும். அந்த நாட்கள் யார் கணக்கிலும் வராது. உங்கள் வீட்டு வாடகைக் கணக்கில் மட்டும் வரும். ஆஸ்பத்திரியில் படுத்தால் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள்தான் சம்பளத்தோடு விடுப்பு. அது தீர்ந்ததும் வருமானம் நின்றுவிடும். நாள் எண்ண வேண்டியது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன், ஆனால் எந்தச் சுவரிலும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை.

கோப்பு அதிகம் முடங்குவது மருத்துவ ரிப்போர்ட்டில். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் நேராக ரிப்போர்ட் கேட்டால் கிடைக்காது. ரெக்கார்டு பிரிவில் மனு எழுதி, பணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீது எண் இல்லாமல் பிறகு போய் நின்றால், “மறுபடி வாங்க” என்பார்கள். ரிப்போர்ட் தயாரானால் போன் வரும் என்று நம்பி இருக்காதீர்கள், வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரசீதோடு நீங்களே போய்க் கேட்பதுதான் வேகம்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். சட்டம் கேட்பது நோயின் பெயரை இல்லை. நிலைமை நிரந்தரமா, இனி குணமாக வாய்ப்பில்லையா, அதே மாதிரி வேலை செய்யும் நல்ல உடம்புக்காரர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்காவது இவரால் சம்பாதிக்க முடியுமா என்றுதான் மெடிக்கல் போர்டு என்ற டாக்டர்கள் குழு பார்க்கும். ரிப்போர்ட்டிலோ பெரும்பாலும், “இன்ன நோய், இன்ன மருந்து, தொடர் சிகிச்சையில் இருக்கிறார்” என்று இருக்கும். தொடர் சிகிச்சை என்றால் குணமாகலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு இன்னொரு ரிப்போர்ட் கேட்பார்கள், இல்லையென்றால் நிராகரிப்பார்கள். அதனால் டாக்டரைப் பார்க்கும்போது நோயாளியின் வேலையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை கிலோ தூக்குவார், எத்தனை மணி நேரம் நிற்பார், இரவு ஷிப்டா, லாரி ஓட்டுவாரா. அந்த வேலையும், அதுபோன்ற வேறு வேலையும் இவரால் இனிச் செய்ய முடியுமா என்று ரிப்போர்ட்டில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை.

போர்டு நாளில் நம்மவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு வேதனையாக இருக்கும். “எப்படி இருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டால், “பரவாயில்லை டாக்டர், கடவுள் புண்ணியத்தில் நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் குறை சொல்லக்கூடாது என்ற வளர்ப்பு. அங்கே அது வேண்டாம். சட்டை பொத்தான் போட மனைவி வேண்டும் என்றால் அதைச் சொல்லுங்கள். கழிப்பறைக்குத் தனியாகப் போக முடியாது என்றால் சொல்லுங்கள். எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போர்டு சொன்னால் மாதம் 500 ரிங்கிட் கவனிப்புப் படி தனியாக உண்டு. கேட்காதவருக்கு அது தானாக வருமென்று எண்ண வேண்டாம்.

சில தாள்களில் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். கம்பெனி ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால், உடல்நிலையால் வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். தானாக விலகியவர் ஆகிவிட்டால் வேறு சில உரிமைகள் போய்விடும். வேலை இழந்தவர்களுக்கான சொக்சோவின் இன்னொரு உதவி, எஸ்.ஐ.பி., 60 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். அது வேலை செய்யத் தயாராக இருந்து வேலை தேடுகிறவருக்கானது. ஒரு மனுவில் வேலை செய்ய முடியும் என்றும் இன்னொன்றில் முடியாது என்றும் கையெழுத்துப் போட்டால் இரண்டும் மோதும். அப்புறம், ஜே.கே.எம். என்ற சமூகநல இலாகா தரும் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை இருப்பதால் இலாட் பென்ஷன் உறுதி என்று நினைக்காதீர்கள். அது வேறு இலாகா, வேறு அளவுகோல்.

ஏஜென்ட் யாரிடமும் போக வேண்டாம். மனுவுக்குக் கட்டணமே கிடையாது. “சீக்கிரம் முடித்துத் தருகிறேன், முதல் பணத்தில் பாதி கொடுங்கள்” என்பவரால் மெடிக்கல் போர்டின் தேதியை நகர்த்த முடியாது. ஏ.டி.எம். அட்டையைக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மனு கொடுக்கும் நாளில் எல்லாத் தாளுக்கும் காப்பி எடுத்து, அதில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள். கவுண்டரில், “நாங்களே வச்சுக்குறோம், காப்பி தேவையில்லை” என்று சொல்லலாம். தேவை. உங்கள் மனு எந்த மாதத்தில் சேர்ந்தது என்பதற்கு அந்தச் சாப்தான் சாட்சி. கம்பெனி நிரப்ப வேண்டிய பகுதியை அவர்கள் இழுத்தடித்தால், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உள்ளதைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலாளி ஒத்துழைக்கவில்லை என்று ஒரு கடிதமும் எழுதி வையுங்கள்.

பிறகு போய் விசாரிக்கும்போது, “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டால், “பிராசசில் இருக்கு” என்ற பதிலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரிப்போர்ட் வந்து சேர்ந்ததா? போர்டுக்கு அனுப்பியாச்சா? போர்டு தேதி எப்போது? போர்டு முடிந்திருந்தால் கடிதம் எந்த முகவரிக்குப் போனது? இப்படித் தனித்தனியாகக் கேட்டுப் பதிலைத் தேதியோடும் அதிகாரியின் பெயரோடும் நோட்டில் எழுதுங்கள். வீடு மாறினால், போன் நம்பர் மாறினால் அன்றே தெரிவியுங்கள்.

முகவரியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. போர்டின் முடிவு பிடிக்கவில்லை என்றால், அதைத் தெரிவித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டுக்கு எழுத வேண்டும். கடிதம் மலாயில் வரும். பழைய தோட்டத்து வீட்டு முகவரிக்குப் போய், அங்கே யாரோ வாங்கி டிவி மேல் வைத்து, தீபாவளிக்கு வந்தபோது கையில் கொடுத்ததும் நடந்திருக்கிறது. 90 நாள் அதற்குள் ஓடிவிடும். நிராகரிப்புக் கடிதம் வந்தால், சந்தா போதாததாலா, நிரந்தர இயலாமை இல்லை என்று போர்டு சொன்னதாலா என்று முதலில் பாருங்கள். போர்டு சொன்ன காரணம் என்றால் பழைய ரிப்போர்ட்டையே திருப்பி அனுப்புவதில் பயனில்லை. நிபுணரிடம் புதிய ரிப்போர்ட்டுக்கு அன்றே ரெக்கார்டு பிரிவில் பணம் கட்டிவிட்டு, மேல்முறையீட்டைக் காலக்கெடுவுக்குள் பதிவு செய்து, ரிப்போர்ட் பின்னால் வருகிறது என்று அதில் எழுதுங்கள்.

காத்திருக்கும்போதே நோயாளி இறந்துவிட்டால் கோப்பு மூடியது என்று குடும்பம் விட்டுவிடுகிறது. விடாதீர்கள். சந்தாத் தகுதி இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பென்சென் பெனாகாட் என்ற வாரிசுப் பென்ஷன் உண்டு, மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. அது தனி மனு. மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எடுத்துக்கொண்டு போங்கள். கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். உங்கள் திருமணம் இன்னும் பதிவாகவில்லை என்றால், இருவரும் நலமாக இருக்கும்போதே ஜே.பி.என். என்ற தேசியப் பதிவு இலாகாவில் அதை முடித்துவிடுங்கள்.