பேப்பர்னு பேருதான், உள்ளே கண்ணாடி

இந்த மாதத்தில் இது நாலாவது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் ஒருவர், காந்திபுரத்தில் இருக்கும் என் கடைக்குக் கிண்டிலை, அதாவது மின்புத்தகம் படிக்கும் ரீடரை, தூக்கிக்கொண்டு வந்தார். மேல்பாதியில் படம் உறைந்து நிற்கிறது, கீழ்ப்பாதி முழுக்கக் கோடு. "கீழ விழவே இல்லீங்க. தொட்டுப் பாருங்க, ஒரு கீறல் இருக்குதுங்களா? படம் வேற தெரியுது. சாப்ட்வேர் தானுங்களே?"

இல்லீங்க. ஸ்கிரீன் போச்சு.

"படம் தெரியுதே" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. செல்போனில் படம் தெரிந்தால் ஸ்கிரீனுக்கு உயிர் இருக்கிறது. இதில் இருப்பது மின்காகிதம் (இ-பேப்பர்), அந்தக் கணக்கு செல்லாது. கண்ணுக்குத் தெரியாத குமிழிகள், அவற்றுக்குள் திரவம், அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். எதிரெதிர் மின்னேற்றம் என்பதால் ஒன்று மேலே வந்தால் மற்றது அடியில் போகும். கரண்ட்டை நிறுத்தினாலும் போன இடத்திலேயே நிற்கும். கோலம் போட்டவர் உள்ளே போய்விட்டால் கோலமும் கூடவே போகிறதா? அதே கதைதான். என் மேசையில் பேட்டரியே கழற்றிய ஒன்று கிடக்கிறது. யாரோ பாதியில் நிறுத்திய நாவலின் 112ஆம் பக்கம் இன்னும் அதில் தெரிகிறது. நம்பாதவர்களுக்குக் காட்டவே வைத்திருக்கிறேன்.

(சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் வைக்கும் மின்காகித விலைச்சீட்டு ஒரு பொத்தான் பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடுவதும் இதனால்தான். விலை மாறினால் மட்டும் செலவு.)

கீறல் ஏன் இல்லை? மேலே இருப்பது பிளாஸ்டிக். அடியில், துகள்களை ஏற்றி இறக்கும் சர்க்யூட் பெரும்பாலான ரீடர்களில் மெல்லிய கண்ணாடி மேல் இருக்கிறது. உடைவது அது. விரலுக்குத் தெரியாது. அவரிடம் பையைத் திறக்கச் சொன்னேன். ரீடர் இருந்த இடத்துக்கு மேலேயே டிபன் கேரியர்! விழ வேண்டியதே இல்லை, பஸ் நெரிசலில் ஓர் அழுத்து போதும்.

புது ஸ்கிரீன் பேனல் விலையைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "புதுசே வாங்கிக்கலாமுங்களே?" பெரும்பாலும் அதுதான் சரி. கடைக்காரன் இப்படிச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

எதற்கும் கொண்டுவருவதற்கு முன் ஒரு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். கிண்டில் என்றால் பவர் பொத்தானை 40 நொடி அழுத்திப் பிடியுங்கள். உண்மையிலேயே ஹேங் என்றால் அதிலேயே சரியாகிவிடும், எனக்குக் காசும் வேண்டாம். திரும்பவும் அதே இடத்தில் அதே கோடு என்றால் கண்ணாடிதான். பக்கம் திருப்பும்போது ஒரு நொடி கறுப்பாக மின்னுவது கோளாறு இல்லை, பழைய எழுத்தின் நிழலைத் துடைக்கிறது. அதற்காக என்னிடம் வராதீர்கள்.

அட்டை மூடியுள்ள கெட்டி உறை வாங்குங்கள். பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டு ஈரோடு ஜவுளிச்சந்தைக்குள் நுழையாதீர்கள், பேட்டரி உப்பிவிடும். தென்னந்தோப்பில் உட்கார்ந்து நல்ல வெயிலில் படியுங்கள், எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியும்.

டிபன் கேரியரை மட்டும் தயவுசெய்து வேறு பையில் வையுங்களுங்க.